பாத்திரங்கள்மீது கொள்ளும் பற்று: தொலைக்காட்சி நாடகச் சுவைஞரின் பேச்சு பற்றிச் சில குறிப்புகள்

தொலைக்காட்சித் தொடர் நாடகங்களைப் பற்றிக் கற்றோர் மத்தியிலே பேச்செழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டுத் தவறாது முன்வைக்கப்படுவதுண்டு. நாடகத்தில் வரும் துயரைத் தம் வீட்டுத் துயராகக் கொண்டு அழுவோர், கற்பனை எது வாழ்க்கை எது என்று பிரித்தறியமாட்டாதவர் என்பதே அக்குற்றச்சாட்டு. பாத்திரம் ஒன்று நோயுற்றால் நேர்த்தி வைத்தவரைப் பற்றியும், கொடிய மாமியாராக நடித்தவரைத் தெருவிற் கண்டு ஏசியவரைப் பற்றியும் கதைகள் பல உலவுகின்றன. இக்கதைகள் சுவையானவை, சொல்வோருக்குத் தம் அறிவின் மேம்பாட்டை உறுதிப்படுத்தும் பயனும் அவற்றுக்கு உண்டு. ஆயின் அவற்றைச் சொல்வோரில் எத்தனை பேர், அழுதவரிடம் சென்று ஏன் அழுதீர் என்று கேட்டுள்ளனர்? சுவைஞர் தாம் விரும்பும் பாத்திரங்களைக் குறித்துத் தம்முள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைக் காதுகொடுத்துக் கேட்டோர் மிகச் சிலரே. அப்பேச்சினை ஒருவகை விமரிசனமாகக் கொள்ள இடமுண்டா, உண்டெனில் அதன் வலுவும் வரம்பும் யாவை என்பனவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஒரு சம்பவத்துடன் தொடங்குவது பொருத்தமாகும். 1989 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், நபிகள் நாயகத்தின் மகளாராகிய பாத்திமா நாயகியின் பிறந்த தினத்தையொட்டித் தெஹ்ரான் வானொலி ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. பெண்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரி யார் என்று அதிலே கேட்கப்பட்டபோது, பெண்ணொருவர் தமக்கு முன்மாதிரி ஒஷின் எனக் கூறினார். பாத்திமா நாயகி வாழ்ந்தது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர். ஒஷினோ தமது காலத்துக்கு அண்மையானவள் என்பது அவர் கூற்றின் சாரம். ஒஷின் எனப்பட்டவள் யப்பானியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கற்பனைப் பாத்திரம். இதனைக் கேள்வியுற்ற ஆயத்துல்லா கொமெய்னி அரச ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவருக்குக் கடுஞ்சினத்துடன் கடிதம் எழுதினார். இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தமை நிறுவப்படின் உரியவருக்கு மரண தண்டனையே தக்கது என்பது அக்கடிதத்திற் கூறப்பட்டது. நிகழ்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த வானொலி அலுவலர் தண்டனை விதிக்கப்பெற்றுப் பின்னர் மன்னிக்கப்பட்டனர்.

இச்சம்பவம் வெறும் வேடிக்கைச் செய்தியாகவே பெரிதும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பெண் ஒஷினை உயிருள்ள ஒருத்தியாக மயங்கினாரா? அவர் கூறியதிலே அத்தகைய மயக்கத்துக்குச் சான்றில்லை. கேட்கப்பட்ட வினா முன்மாதிரி பற்றியது. அவர் அளித்த விடையும் முன்மாதிரி பற்றியதே. எட்டாண்டுப் போர் 1988 ஆகஸ்டிலேதான் ஓய்ந்திருந்தது. பொருட்டட்டுப்பாடும் இழப்பும் நிறைந்த அந்நாட்டிலே, ஒருபடி அரிசிக்கும் துணிக்கும் அல்லலுற்ற பெண்ணொருவர் தமது நாளாந்த வாழ்வுக்கு எவ்வுருவம் பொருந்துகின்றது என்று எடைபோட்டுக் கூறிய தீர்ப்பு அது. ஒஷினின் கணவன் குடும்பப் பெயர் தனொக்குரா. பழைய உடுப்புகளை விற்கும் கடைகளுக்கு ஈரானியர் வழங்கிய 'தனகூரா' என்னும் பெயர் இதிலிருந்து பிறந்ததே. அது இன்றும் அங்கு வழக்கிலுள்ளது. நாடகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தமது வறுமைக்குப் பெயராக இட்டுக்கொண்ட மக்களை, நாடகத்தையும் வாழ்க்கையையும் குழப்பிக்கொண்டவர் எனல் எவ்வாறு பொருந்தும்? அவர் இரண்டையும் வேறுபிரித்து ஒன்றால் மற்றொன்றை அளந்தவர். கொமெய்னிக்கு இது நன்கு விளங்கியிருந்தது என்றே எண்ணத் தோன்றுகின்றது. கற்பனைப் பாத்திரத்தின்மீது கொண்ட பற்றினை அறியாமை என்று ஒதுக்கும் விமரிசகரைக் காட்டிலும், அதனை ஆபத்தானதொரு கருத்துரையாகக் கண்டு சினந்த ஆட்சியாளர் அதன் இயல்பை அணுக்கமாக உணர்ந்தவர் எனலாம்.

ஒஷின் நாடகத்தின் வரலாறு இவ்விடத்துச் சுருக்கமாகக் கூறப்படவேண்டும். யப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என். எச். கே. 1983 ஏப்பிரல் முதல் 1984 மார்ச் வரை நாளொன்றுக்குக் 15 நிமிடமாக 297 அங்கங்களில் இதனை ஒளிபரப்பியது. எழுதியவர் சுகாக்கோ ஹஷிடா (1925–2021). நாடகம் ஒளிபரப்பான காலத்து அதன் சராசரிப் பார்வையாளர் வீதம் 52.6 ஆகவும் உச்ச வீதம் 62.9 ஆகவும் கணிக்கப்பட்டது. யப்பானிய நிறுவனங்களின் உதவியோடு வளர்முக நாடுகள் பலவற்றுக்கும் இது சென்றது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதனைக் கண்டன. யப்பானின் நன்கொடையில் அமைந்து 1982 பெப்ரவரியிற் சேவையைத் தொடங்கிய எமது ரூபவாஹினியிலும் அது ஒளிபரப்பாயிற்று. வடக்கு யப்பானின் யமகத்தாப் பகுதியிலே குத்தகை விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த ஒஷின் ஏழு வயதில் ஒரு மூடை அரிசிக்காக ஓராண்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். சிகையலங்காரம் பயின்று தோக்கியோவில் வாழ்வமைக்கிறாள். 1923 ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் யாவும் அழியக் கணவனின் ஊராகிய சாகாவிலே மாமியாரின் கொடுமைக்கு ஆளாகிறாள். போரில் மூத்த மகனை இழக்கிறாள். இளைஞரைப் போருக்கு ஊக்கிய குற்றவுணர்வினாற் கணவன் தற்கொலை செய்துகொள்கிறான். முடிவில் அவள் பல கிளைகள் கொண்ட வணிக நிலையத்துக்கு உரிமையுடைய மூதாட்டி.

இத்தகைய கதைக்குக் கண்ணீர் வடிப்பது எமக்குப் புதிதன்று. தமிழிலக்கண மரபு இதனை ஆராயாமலும் விடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழித்துரைக்கப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நல்ல நிலைமை கெடுதல், வேண்டுவன இன்மை என அவற்றை விளக்கலாம். ஐம்பது சதத்தைத் திருடினாள் எனப் பழிசுமத்தப்பட்டுப் பனியில் ஓடும் சிறுமியிடத்து இளிவையும், மகனைப் பலிகொடுத்த தாயிடத்து இழவையும், பூகம்பத்தின் பின் சாகாவுக்குச் செல்லும் மனைவியிடத்து அசைவையும், முள்ளங்கி கலந்த சோற்றில் வறுமையையும் எளிதிற் காணலாம். ஆனால் நான்கும் பொருந்துகின்றன என்று காட்டுவது எனது நோக்கமன்று. அத்தகைய பொருத்தங்காட்டும் கட்டுரைகள் எம் சஞ்சிகைகளில் வேண்டிய அளவு வந்துவிட்டன. இவ்வகுப்பின் அடியிலுள்ள எடுகோளே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. அழுகையைத் தொல்காப்பியர் அதன் காரணத்தால் வகுத்தார். அழுகை பெரிதா சிறிதா, நாகரிகமானதா அன்றா என்பன அவருக்கு அளவுகோல்களல்ல. உணர்ச்சிக்கு நிலைக்களன் உண்டெனின் அதனைக் கேட்டறியலாம். கேட்டறியக்கூடியதெனின் அது அறிவுக்குப் புறம்பானதன்று.

மேலும், பழைய நாடக நூற் கருத்தை எடுத்தாளும் உரையாசிரியர், செய்வோன் செய்வது காண்போரிடத்துச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என விளக்குவர். அழுகை தன்பொருட்டும் பிறர்பொருட்டும் எழும் என்ற பாகுபாடும் அவர்களுக்கு உடன்பாடானது. இப்பாகுபாடு எமது வாழ்க்கையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண்களைக் கண்டவர் அறிவர். அயலவரின் பிரேதத்தின் முன் அமர்ந்து அழும் பெண், இரண்டாம் அடியிலேயே தன்னுடைய தாயை அழைப்பாள். அவள் யாருக்காக அழுகிறாள் என்று கேட்பின் இருவருக்குமாக என்பதே விடை. பிறர் துயரம் தன் துயரத்துக்கு மொழி கொடுக்கின்றது. தொலைக்காட்சியின் முன் அழுபவரை நகையாடும் நாம், ஒப்பாரி சொல்லும் பெண் பிரேதத்தைத் தன் தாயென மயங்கிவிட்டாள் என்று ஒருபோதும் கூறுவதில்லை.

மேனாட்டு ஆய்வாளர் இவ்விடயத்தை அணுகிய விதம் வேறு. 1956 இல் டொனல்ட் ஹோர்ட்டன், றிச்சர்ட் வோல் ஆகிய இருவர் உளமருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரை, வானொலி, தொலைக்காட்சி வழியே தோன்றும் ஆள்களுடன் பார்வையாளர் கொள்ளும் உறவை, எதிரே இல்லாதவருடன் கொள்ளும் ஒருபக்க நெருக்கமாக விவரித்தது. அதன் பின்னர் இரசிகர் பற்றிய எழுத்துகள் பலவும் இக்கட்டுரையையே மேற்கோளாகக் காட்டி, நாடகப் பாத்திரத்தின்மீது பற்றுக்கொண்டோர் மெய்யான உறவுக்குப் பதிலாகப் போலி உறவொன்றை நாடியவர் என்று முடிபுகட்டி வந்தன. ஆனால் அவ்விருவரும் பெரிதும் ஆராய்ந்தது நாடகப் பாத்திரங்களையல்ல. பார்வையாளரை நேரே நோக்கிப் பேசும் அறிவிப்பாளர், போட்டி நடத்துநர் போன்றோரையே. அறிவிப்பாளர் எம்மை நோக்கி 'அன்பர்களே' என விளிக்கிறார். எமது அன்பை வேண்டி நிற்கிறார். ஒஷின் எம்மை நோக்கி ஒன்றும் கூறுவதில்லை. நாம் இருப்பதையே அவள் அறியாள். அவளுடன் நாம் கொள்வது உரையாடலன்று. அவளைப் பற்றி நாம் பிறருடன் கொள்வதே உரையாடல். இவ்வேறுபாட்டை ஆய்வாளர் பலர் கவனியாது விட்டமை வியப்பையே தருகின்றது.

அதனைக் கவனித்தவருள் இயென் அங் முதன்மையானவர். 'டலஸ்' என்னும் அமெரிக்கத் தொடர் (1978–1991) ஐரோப்பாவெங்கும் பரவியபோது, ஒல்லாந்திலே வாழ்ந்த இவர் பெண்கள் சஞ்சிகையொன்றிற் சிறு விளம்பரம் ஒன்றை இட்டார். தாம் அத்தொடரை விரும்பிப் பார்ப்பதாகவும், அதைக் கூறும்போது பிறர் விநோதமாக நோக்குவதாகவும், மற்றவர் ஏன் அதை விரும்புகின்றனர் அல்லது வெறுக்கின்றனர் என்று எழுதுமாறும் அதிற் கேட்டிருந்தார். 42 கடிதங்கள் வந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்ட நூல் 1982 இல் ஒல்லாந்து மொழியிலும் 1985 இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. நாற்பத்திரண்டு கடிதங்களைக் கொண்டு ஒரு நாட்டின் மனத்தை எடைபோடலாமா என்று புள்ளிவிபரவியலார் கேட்கலாம். அங் எடைபோட முயன்றது நாட்டையன்று, பேச்சின் அமைப்பையே.

அவர் கண்டவற்றுள் இரண்டு எமக்கு வேண்டியவை. முதலாவது, தொடரை வெறுத்தோர் உறுதியான குரலில் எழுதினர். வணிகச் சரக்கு, மூளைச் சலவை, அமெரிக்கக் குப்பை என்ற ஆயத்தச் சொற்கள் அவர்கள் கைவசம் இருந்தன. விரும்பியோரோ தயங்கினர், சிலர் தம்மைத் தாமே நகையாடினர், சிலர் மன்னிப்புக் கோரும் தொனியில் எழுதினர். வெறுப்புக்கு ஒரு கோட்பாடு துணைநின்றது. விருப்புக்கு எக்கோட்பாடும் துணைநிற்கவில்லை. இரண்டாவது, விரும்பியோர் பலர் அந்நாடகம் 'மெய்யானது' என்றனர். எண்ணெய்ச் செல்வரின் மாளிகையும் சூழ்ச்சிகளும் எவ்வகையில் மெய்யாகும்? அவர்கள் மெய்யென்றது மாளிகையையன்று; அங்கு நிகழும் பிணக்கு, ஏமாற்றம், மகிழ்ச்சி நிலையாமை என்னும் உணர்வுகளையே. இதனை அங் உணர்வுசார் யதார்த்தம் என்றார். குடிக்கு அடிமையாகிக் கணவனோடு போராடும் சூ எலன்மீது சிலரும், நல்லவளான பமெலாமீது வேறு சிலரும் பற்றுக்கொண்டிருந்தனர். யார்மீது பற்று என்பதற்கு அவர்கள் காட்டிய காரணங்களைப் படிப்போர், மணவாழ்க்கை பற்றிய விவாதமொன்றையே படிக்கின்றனர்.

யதார்த்தம் என்னும் சொல்லை வைத்து எமது நாட்டிலே முப்பதாண்டு காலம் விமரிசனம் செய்தோம். சமுதாய உறவுகளைப் புறவயமாகச் சித்திரிப்பதே யதார்த்தம் என்ற வரைவிலக்கணம் ஈழத்துச் சிறுகதைக்கும் நாவலுக்கும் செய்த நன்மை சாமானியமானதன்று. அதனை இவ்விடத்து நான் குறைத்துக் கூறவில்லை. ஆயின் அவ்வரைவிலக்கணத்துக்குள் அடங்காதவற்றைச் சனரஞ்சகம் என்றும் நச்சிலக்கியம் என்றும் ஒதுக்கியபோது, அவற்றை விரும்பிய பெருந்தொகை மக்களையும் கூடவே ஒதுக்கினோம். மக்களுக்காக எழுதிய விமரிசகர் மக்கள் எதற்கு அழுதனர் என்று கேளாமை எமது முற்போக்கு விமரிசனத்தின் உள்முரண்பாடுகளுள் ஒன்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியற்றொடர்பு ஊடகமாக ஆராய்ந்தமை இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. அவர் திறந்துவிட்ட வழியிலே தொலைக்காட்சி நோக்கி நடந்தோர் அதிகமில்லை.

இனி, இதுவரை கூறியவற்றுக்கு எதிரானதொரு சான்றையும் நோக்குதல் அவசியம். இல்லையேல் இரசிகர் யாவரும் தத்துவஞானிகள் என்ற வேறொரு மிகைக்கு ஆளாவோம். 1984 ஜூலை தொடக்கம் 1985 டிசம்பர் வரை இந்தியத் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரை ஒளிபரப்பியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய இத்தொடர், குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணுரிமை முதலிய கருத்துகளைப் பரப்பும் நோக்கில், மெக்சிக்கோவில் மிகுவேல் சபிதோ வகுத்த முறையைத் தழுவி அமைக்கப்பட்டது. தொடக்கத்திற் போதனை மிகுந்திருந்தமையாற் பார்வையாளர் சலிப்படைய, குடும்பக் கட்டுப்பாடு பின்தள்ளப்பட்டுக் குடும்பக் கதை முன்னுக்கு வந்தது. ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி, பாத்திரங்களின் செயல்களைப் பற்றிக் கருத்துரைத்து, பார்வையாளரை எழுதும்படி கேட்டார். வந்து குவிந்த கடிதங்கள் ஏறத்தாழ 4 இலட்சம். மூத்த மகள் படுக்கி மருத்துவர் அஷ்வினியை மணப்பதா என்று தயங்கியபோது, சம்மதம் கூறுமாறு வற்புறுத்தி அப்பாத்திரத்தை ஏற்ற நடிகைக்கே பலர் எழுதினர்.

குடும்பத்தின் தாய் பகவந்தி. குடிகாரக் கணவனின் ஏச்சையும் மாமியாரின் இடிப்பையும் பொறுத்து வாய்திறவாது உழைப்பவள். பெண் இவ்வாறு இருத்தலாகாது என்பதைக் காட்டவே அவள் படைக்கப்பட்டாள். ஆனால் அத்தொடரைப் பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. பார்வையாளருள் கணிசமானோர், பெண்கள் உட்பட, பகவந்தியையே பின்பற்றத்தக்கவளாகக் கொண்டனர். எழுதியவர் எச்சரிக்கையாக வைத்ததை அவர்கள் இலட்சியமாக எடுத்தனர்.

இதற்கு என்ன விடை கூறுவது? படைப்பாளி நினைத்தது ஒன்று, மக்கள் கொண்டது ஒன்று. ஆகவே மக்கள் தவறாக விளங்கிக்கொண்டனர் எனல் எளிது. இது போதிய விளக்கமாகாது. பகவந்தியின் பொறுமையிலே அப்பெண்கள் தமது தாய்மாரைக் கண்டிருக்கலாம். தமது உழைப்புக்குக் கிடையாத மதிப்பை ஒரு திரையுருவத்துக்கேனும் அளிக்க விரும்பியிருக்கலாம். அப்படியாயின் அப்பற்றிலே நியாயம் உண்டு. அதே வேளை அது பொறுமையைப் புகழ்ந்து ஒடுக்குமுறையை நிலைநிறுத்தவும் செய்கின்றது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. பற்று ஒரு தீர்ப்பு என்று கூறினேன்; தீர்ப்பு எப்போதும் சரியாயிருக்கும் என்று கூறவில்லை. பிழையான தீர்ப்பையும் தீர்ப்பாக மதித்து அதனோடு வாதிடலாம். மயக்கம் என்று பெயரிட்டுவிட்டாலோ வாதிடுவதற்கு எதிரே ஆளில்லாமற் போய்விடுகின்றது.

ஒஷினுக்கும் இதுவே நேர்ந்தது. 297 அங்கங்களுள் அயாக்கோ கொபயாஷி என்னும் சிறுமி ஒஷினாகத் தோன்றுவது முதல் 36 இல் மட்டுமே. அடுத்த பெரும்பகுதியில் யூக்கோ தனாக்காவும் இறுதிப் பகுதியில் நொபுக்கோ ஒற்றோவாவும் நடித்தனர். எனினும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஆற்றிலே தெப்பத்தில் ஏறித் தாயைப் பிரிந்து செல்லும் அச்சிறுமியையே. நாடகம் உண்மையிற் தொடங்குவது 1983 ஆம் ஆண்டில்: குடும்பத்தின் புதிய கடை திறக்கப்படும் நாளன்று மூதாட்டி ஒஷின் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செல்வம் சேர்க்கும் ஓட்டத்திற் தான் எதை எங்கே தவறவிட்டேன் என்று தேடிச் செல்கிறாள். பொருளாதார வளர்ச்சியின் உச்சியில் நின்ற யப்பானை நோக்கி ஹஷிடா எழுப்பிய கேள்வி அது. இரசிகரும் அரசியல்வாதிகளும் அக்கேள்வியை விடுத்துப் பொறுமை என்னும் ஒரு நற்பண்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். சிறுமி அழுதாள், பொறுத்தாள், வென்றாள் என்று கதை சுருங்கியது. வளர்முக நாடுகளுக்கு அது வழங்கப்பட்டபோது இச்சுருக்கமே கூடச் சென்றது என ஐயுறலாம். பொறுத்திருந்தால் நீங்களும் யப்பானைப் போலாவீர்கள் என்பதைவிட வசதியான செய்தி உதவி வழங்கும் நாடொன்றுக்கு வேறென்ன இருக்கமுடியும்? தெஹ்ரானிலே வாய்திறந்த பெண் இச்சுருக்கத்துக்குள் அடங்காதவர். அவர் ஒஷினிடம் கற்றது பொறுமையாயின் வானொலிக்கு அவ்விடையைக் கூறியிருக்கமாட்டார்.

உணர்ச்சி ஒன்றிப்பை ஐயத்துடன் நோக்கியவருள் நாடகத்துறை மாணவர் முதலிற் குறிப்பிடுவது பிறெக்ற் அவர்களையே. பார்வையாளர் பாத்திரத்துடன் ஒன்றிவிடின் சிந்திக்கமாட்டார். ஆகவே மேடையிற் பாட்டாலும் அறிவிப்பாலும் இடையீடு செய்து அவரைத் தூரத்தில் நிறுத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையைத் தொலைக்காட்சித் தொடருக்கு எதிராக எடுத்துப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தொடர் நாடகத்தின் வடிவிலேயே இடையீடு உள்ளது. ஒஷின் நாளுக்குப் பதினைந்து நிமிடம். எஞ்சிய இருபத்துமூன்றே முக்கால் மணி நேரமும் பார்வையாளர் தம் வாழ்க்கையில் இருக்கிறார். திரைப்படத்தின் முடிவு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும். நாவலின் முடிவைப் புரட்டிப் பார்த்துவிடலாம். தொடரின் முடிவோ எவர் கையிலும் இல்லை. அவ்விடைவெளியிலேதான் அடுக்களையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் பேச்சு நிகழ்கின்றது. அவள் அப்படிச் செய்திருக்கலாமா, அவன் மன்னிக்கப்படத்தக்கவனா, மாமியாருக்கும் ஒரு நியாயம் இல்லையா என்ற வினாக்கள் அங்கே எழுகின்றன. அங்கம் ஓடும்போது ஒன்றிப்பு; அங்கம் முடிந்தபின் விலகி நின்று விசாரணை. பிறெக்ற் மேடையில் முயன்று உண்டாக்கியதை நாட்காட்டி தானாகவே உண்டாக்குகின்றது.

பிறெக்ற்றின் நாடகமும் எம் நாட்டிற் பற்றின்றி வாழ்ந்ததாகச் சொல்லமுடியாது. ஹென்றி ஜயசேன 1967 இல் மேடையேற்றிய 'ஹுணுவட்டயே கதாவ' தலைமுறைகள் கடந்து சிங்கள மக்களின் நெஞ்சில் நிலைத்தமைக்கு அதன் இடையீட்டு உத்திகளைவிட, பெறாத பிள்ளையைப் பேணிக் காத்த குருஷாமீது அவர்கள் கொண்ட பரிவே பெருங்காரணம் என்பது என் கருத்து. பேணியவளுக்கே பிள்ளை உரியது என்று அந்நாடகத்து நீதிபதி தீர்ப்பளிக்கிறான். ஆண்டுக்கணக்காக ஒரு பாத்திரத்தைப் பேச்சிலே பேணி வளர்த்தவருக்கு அதிற் பங்கு கேட்கும் உரிமை சிறிதேனும் உண்டல்லவா?

அந்த இடைவெளியைத் தமக்காக்கிக்கொள்ளப் பலரும் காத்திருக்கின்றனர் என்பதும் உண்மை. 'ஹம் லோக்' தொடருக்கு அனுசரணை வழங்கியது அப்போதுதான் இந்தியச் சந்தைக்கு வந்திருந்த 'மகி' நூடில்ஸ். பகவந்தியின் அடுக்களையைப் பார்த்து நெகிழ்ந்தவர் அடுத்த நிமிடம் இரண்டு நிமிடச் சமையலைப் பார்த்தனர். 1987–88 இல் இராமானந்த சாகரின் 'இராமாயண்' தொடருக்குத் தொலைக்காட்சிப் பெட்டியை மாலையிட்டு வணங்கினர்; சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியும் 1991 இல் ஒரே கட்சியின் சார்பில் இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். சீதையும் இராவணனும் ஒரே ஆசன வரிசையில் அமர்ந்தமை, வாக்காளர் நடிகரைப் பாத்திரமென மயங்கினர் என்ற விளக்கத்துக்கு அவ்வளவாக இடந்தரவில்லை. பற்று எங்கு திரட்டப்பட்டு யாரால் அறுவடை செய்யப்படுகின்றது என்பதே அங்கு கேட்கவேண்டிய கேள்வி.

தமிழ்ச் சுவைஞரைப் பொறுத்தவரை இப்பேச்சு தொலைக்காட்சிக்கு முன்னரே, வானொலியுடன் தொடங்கிவிட்டது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலித் தொடராக ஒலித்த காலத்தில் அதன் குடும்பத்தை அயல்வீட்டுக் குடும்பம்போல் விசாரித்தவர்களை மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர். முகம் காணாத பாத்திரங்களுக்கு அவரவர் தம் உறவினர் முகங்களைக் கொடுத்திருந்தனர். பின்னர் மின்சாரமில்லாத ஆண்டுகளில் வடபுலத்தார் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். தமிழகத் தொடர்கள் இல்லங்களை நிறைத்தது அதன் பின்னரே. எமது பல்கலைக்கழகங்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்தன. தொடர் நாடகங்களைப் பற்றிய இப்பேச்சையோ எவரும் ஒலிநாடாவிற் பிடித்ததாகவோ கடிதங்களைத் திரட்டியதாகவோ நான் அறியவில்லை. சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவருக்குப் பொருள் தேடித்தரும் பொறுப்புள்ளவன் என்ற வகையில் இதற்கு எனக்கும் பங்குண்டு.

சில மாதங்களுக்கு முன், மாலை வேளையில் மாணவியர் விடுதி ஒன்றின் பொது மண்டபத்துக்குச் செல்ல நேர்ந்தது. தொலைக்காட்சியில் அன்றைய அங்கம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எவரும் செய்தியைக் கேட்கவில்லை. மூத்த மருமகள் வீட்டை விட்டு வெளியேறியது சரியா என்பதே வாதம். சரியென்றவள் ஒருத்தி, பிள்ளையை விட்டுச் சென்றது சரியில்லை என்றாள் மற்றவள். 'பிள்ளையையும் கொண்டு எங்கை போறது, அவளுக்கு ஆர் இருக்கினம்?' என்று மூன்றாமவள் கேட்டாள். அதற்கு ஒருவரும் உடனே விடை கூறவில்லை. நான் வந்த அலுவலை முடித்துத் திரும்பியபோதும் அவர்கள் அதே இடத்திலேதான் இருந்தனர். ஆனால் இப்போது பேச்சு அம்மருமகளைப் பற்றியதாக இருக்கவில்லை, அவர்களுள் ஒருத்தியின் அக்காவைப் பற்றியதாக இருந்தது.